அரைப் பாலத்துக்கு ஓர் உறுப்பினர்

எங்கள் அறுபத்து மூன்றாம் தொகுதியின் தேர்தல் வரலாற்றை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் சொல்லத்தான் போகிறேன். தீவனக் கடையின் மூலையில் காப்பி மேடை நடத்துகிறவள் நான், பெயர் ஃபெர்ன். தேர்தல் நாளன்று ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து வாக்குச் சீட்டு கொடுக்கிறவளும் நான்தான். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் யார் ஜெயிப்பார் என்பது எனக்கு மட்டுமல்ல, மண்டபத்து வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும்.

மாநிலச் சட்டசபைக்கு எங்கள் முதல் உறுப்பினர் ஹாக்கன் என்ற நார்வேக்காரர். தலைநகர் வரைக்கும் போய்வரத் தாங்குகிற குதிரை அவரிடம் மட்டும் இருந்ததால் ஜெயித்தார். அவர் செத்ததும் குதிரை மருமகனுக்குப் போயிற்று, தொகுதியும் கூடவே போயிற்று. அப்புறம் ரயில் வந்தது. யார் வேண்டுமானாலும் தலைநகருக்குப் போகலாம் என்று ஆனதும் போட்டி வந்தது. ஒருவர் ஜெயிப்பார், அடுத்த முறை தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் ரோடு போட்டுக் கொடுப்பார். கூஸ்நெக் ஆற்றின் மேல் இருக்கும் பாலம் அப்படி ஒரு பயத்தில் கட்டியதுதான். அந்தக் காலத்தில் ஆற்றின் இரண்டு கரையும் ஒரே தொகுதி.

பிறகு ஒரு தேர்தலில், பதவியில் இருந்த உறுப்பினர் தோற்றுப்போனார். எங்கள் மாநிலத்தில் உறுப்பினர் தோற்பது வெள்ளம், சூறாவளி வகையைச் சேர்ந்தது. எலியும் பூனையுமாக இருந்த இரண்டு கட்சியும் அந்த அதிர்ச்சியில் ஒரே மேசையில் உட்கார்ந்து மாட்டிறைச்சி சாப்பிட்டு, இப்படி ஒரு விபரீதம் இனி நடக்கக் கூடாது என்று முடிவெடுத்தன. ஆற்றின் நடுவே கோடு கிழித்தார்கள். இக்கரை அறுபத்து மூன்று, ஒரு கட்சிக்கு. அக்கரை அறுபத்து நான்கு, மற்றக் கட்சிக்கு. அதற்குப் பிறகு இந்த இரண்டு தொகுதியிலும் எந்த உறுப்பினரும் தோற்றதில்லை. எதிர்த்து நிற்பதற்கும் ஆள் வருவதில்லை. வந்து என்ன செய்ய?

கோடு ஆற்றின் நடுவே போனதால் பாலத்தின் நடுவேயும் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை, போன வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில் ஒரு பொறியாளர் வந்து சுத்தியலால் பாலத்தைத் தட்டிப் பார்க்கும் வரை. தட்டினார், காதை வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே இரண்டு முனையிலும் கான்கிரீட் கட்டைகளை இறக்கிப் பாலத்தை மூடிவிட்டார்கள்.

மூடியது ஊருக்கே தொந்தரவுதான். ஆனால் ஆர்விட் ஸ்டோக்காவுக்கு அது வேறு கதை. பால் மாடு வைத்துப் பிழைத்து, ஓய்ந்து, கடைசியாக ஆசைக்கு நான்கு மாடு மட்டும் வைத்திருப்பவர். இக்கரையில் ஆற்றை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. அவர் மனைவி லவோன் என் சிநேகிதி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அக்கரையில், அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் அதன் கூரை தெரியும். பாலம் இருந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடுவார்கள். இப்போது வடக்கே நெடுஞ்சாலைக்கு ஏறி, அணைக்கட்டைக் கடந்து, மறுபடி தெற்கே இறங்கி வரவேண்டும். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். பனி விழுந்தால் அதற்குக் கணக்கே கிடையாது.

ஆர்விட் எப்படிப்பட்டவர் என்றால், அவர் காலை நீங்கள் மிதித்தால் அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட மனுஷன் உறுப்பினரைப் பார்க்கக் கிளம்பினார்.

எங்கள் உறுப்பினர் க்ளேட்டன் ப்ரூம் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து நடத்துவார், வருஷா வருஷம். தன் பெயர் அச்சடித்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவரே கல்லில் ஊற்றித் திருப்பிப் போடுவார். தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றால் குறையைச் சொல்லலாம். நான் ஆர்விட்டுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆர்விட்! வாய்யா வா. ரெண்டு போடவா, மூணா?"

"ரெண்டு போதும் க்ளேட்டன். அந்தப் பாலம் இருக்கு பாரு..."

"கொடுமைப்பா. நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. வெண்ணெய் வைக்கவா?"

"கொஞ்சமா. லவோனுக்கு டயாலிசிஸ். அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக அவளால..."

"சொல்லாத, சொல்லாத. மனசு தாங்காது. பாகு?"

ஆர்விட் பாகும் வாங்கிக்கொண்டார். பின்னால் வரிசை நீள்கிறதே என்று கூச்சம் வேறு. "பாலத்த சரி பண்ண நிதி கேக்க முடியுமா?" என்றார்.

ப்ரூம் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியை வைத்தால் அது அரசாங்கப் பேச்சு என்று அர்த்தம்.

"என் பாதிக்கு நாளைக்கே கேப்பேன் ஆர்விட். ஆனா யோசிச்சுப் பாரு. என் பாதிய மட்டும் சரி பண்ணினா ஜனங்க நம்பி நடுப்பாலம் வரைக்கும் போவாங்க. அதுக்கப்புறம்? விழுவாங்க. விழுறது யாரு? என் வாக்காளருங்க. அக்கரை டெனிஸ் ஹாக்கெட்டோட வாக்காளர் ஒருத்தர்கூட விழமாட்டாங்க. நாப்பது வருஷமா எனக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள நான் ஆத்துல தள்ளுவேனா? நீயே சொல்லு."

ஆர்விட் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். பான்கேக் ஆறிப் போயிருந்தது.

டெனிஸ் ஹாக்கெட் அக்கரை உறுப்பினர். வீடு விற்கும் தரகுத் தொழில். ஆர்விட் அவரைப் போய்ப் பார்த்தது, லவோன் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த நேரத்தில். அன்று அவர்களுக்குத் துணைக்கு நானும் போயிருந்ததால் அந்த அலுவலகத்தின் மெழுகுவர்த்தி வாசனையை நானும் அனுபவித்தேன்.

"நீங்க என் வாக்காளரா?" என்று அந்த அம்மாள் முதலில் கேட்டார்.

"இல்ல மேடம். மன்னிக்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்ப உங்ககிட்ட பேசறதே நான் க்ளேட்டனுக்குப் பண்ற அவமரியாதை. ஆனாலும் பேசறேன். எனக்கு மனுஷங்கதான் முக்கியம்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "விரிசல் எந்தப் பக்கம் இருக்கு?"

"எங்க பக்கம்னு சொல்றாங்க."

"பாத்தீங்களா! என் பாதி நல்லா ஆரோக்கியமா இருக்கு. ஆரோக்கியமா இருக்கற பாதிக்கு நான் வைத்தியம் பாத்தா என் ஜனங்க என்ன கேப்பாங்க? சரி, என் ஜனங்களுக்கு உங்க பக்கம் என்ன வேலை? ஆஸ்பத்திரி எங்ககிட்ட. மளிகைக் கடை எங்ககிட்ட. சர்ச்சும் கல்லறையும்கூட எங்ககிட்டதான். உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஆர்விட் யோசித்தார். யாராவது கேள்வி கேட்டால் உண்மையான பதிலைத் தேடும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

"மாடு இருக்கு மேடம்."

"அதத்தான் சொல்றேன்," என்றார் ஹாக்கெட், அன்பாக.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து தொகுதி வரைபடத்தைத் திருத்தும் காலம். ஊர் ஊராக வந்து கருத்துக் கேட்டார்கள். மேடையில் மறுவரையறைக் குழு, கீழே நாங்கள். பேச ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். மேசை மேல் சின்ன விளக்கு: பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கலாம், சிவப்பு எரிந்தால் நன்றி. குழுவுக்கு விளக்குக் கிடையாது. எல்லைக்கோட்டு ஆலோசகர் லாட்டிமர் என்பவர் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார்.

"கோடு எங்க போகணும்னு நாங்க முடிவு பண்றோம்னு சிலர் தப்பா நினைக்கிறாங்க," என்றார். "கோடு தானா போகுது. நாங்க பென்சிலோட பின்னாலயே போறோம், அவ்வளவுதான். பெரியவங்களே, தேர்தல்னா உங்களுக்கு எவ்வளவு பதட்டம்! ரெண்டு பேர் நின்னா அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. சாப்பாட்டு மேசையில பேச்சு வார்த்தை இல்ல. முடிவு என்ன ஆகுமோன்னு விடிய விடிய டீவி முன்னாடி உட்காரணும். முடிவு முன்கூட்டியே தெரிஞ்சா எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதியத்தான் நாங்க வரைஞ்சு குடுக்கறோம். இத வெளிநாட்டுல போய்ப் பாருங்க, ஜனங்க கெடந்து தவிக்கறாங்க."

கைதட்டினோம். எங்கள் ஊரில் யார் பேசி முடித்தாலும் கைதட்டுவோம். அப்படி வளர்த்துவிட்டார்கள்.

ஆர்விட்டின் முறை வந்தது. அவர் குழுவுக்கு வணக்கம் சொல்லி, தொந்தரவு தருவதற்கு மன்னிப்புக் கேட்டு, தன் பெயரைச் சொல்லி, அதை எப்படி எழுதுவது என்று எழுத்தருக்கு விளக்கி முடிக்கும்போது மஞ்சள் வந்துவிட்டது. "பாலம் முழுசும் ஒரே தொகுதியில வர்ற மாதிரி கோட்ட கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? எந்தத் தொகுதின்னாலும் பரவால்ல. கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தா போதும். என் சம்சாரம்..." என்றார். சிவப்பு எரிந்தது.

"மிகவும் உருக்கமான பேச்சு," என்றார் குழுத் தலைவர். "பதிவு செய்யப்பட்டது."

"பதில் எப்ப வரும் சார்?"

"இது கருத்துக் கேக்கற கூட்டம். பதில் சொல்ற கூட்டம்னு ஒண்ணு சட்டத்துல இல்ல."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது லவோன் சிரித்துச் சிரித்து இருமினாள். உடம்பு உருகி எலும்பாகியிருந்தாலும் அவள் நாக்கு மட்டும் உருகவே இல்லை. "இவ்வளவு பேர்கிட்டப் போய்க் கெஞ்சறதுக்கு நீயே தேர்தல்ல நின்னு தொலையேன்," என்றாள்.

"நானா? ஐயோ, எனக்குப் பேச வராது."

"அங்க இருக்கறவனுக்கெல்லாம் வருதா?"

நின்றார். சத்தியமாக நின்றார். வேட்புமனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாகப் போனார், போன வீட்டில் எல்லாம் காப்பி கொடுத்தார்கள், கேட்டதற்கு மேலேயே கையெழுத்துச் சேர்ந்தது. தீவனக் கடை வாசலில் "ஆர்விட் ஸ்டோக்கா: பாலம்" என்று பலகை நட்டோம். அதற்கு மேல் கொள்கை எதுவும் அவரிடம் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் ஊர் மனுஷர்கள் அரசியல் பேசிச் சந்தோஷமாக இருந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் வரைபடத்தில் ஒரு சிறு தொழில்நுட்பத் திருத்தம் வந்தது. ஆற்றோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு, ஆர்விட்டின் நிலம் வந்ததும் கரையேறிப் புல்வெளி வழியாகப் போய், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஆற்றில் இறங்கிற்று. வீடு அறுபத்து நான்கு. மாட்டுக் கொட்டகை அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றில் நிற்பவர் அறுபத்து மூன்றில் வசிக்க வேண்டும் என்பது சட்டம்.

"அதுக்கென்ன," என்றார் ஆர்விட். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டார். லவோனைக் கொட்டகைக்கு மாற்ற முடியாது; அவளுக்குக் கதகதப்பு வேண்டும். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு என்ன விட்டுட்டு வேற தொகுதிக்குப் போயிட்டான், பாரு ஃபெர்ன்," என்று என்னிடம் சொன்னாள்.

வசிப்பிடத்தைச் சோதிக்க க்வில் என்ற அதிகாரி வந்தார். பளபளவென்று காலணி. கொட்டகை வாசலில் நின்று அந்தக் காலணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உள்ளே வராமலே விசாரித்தார்.

"தூக்கம் எங்க?"

"இங்கதான் சார். மாட்டுங்க பக்கத்துல."

"சாப்பாடு?"

"வீட்டுல."

"பல் துலக்கறது?"

"அதுவும் வீட்டுல. தண்ணி அங்கதான் இருக்கு."

"மனைவி?"

"வீட்டுல சார்."

"அப்படின்னா," க்வில் தொண்டையைக் கனைத்தார், "தாம்பத்திய வாழ்க்கை எந்தத் தொகுதியில நடக்குதுன்னு எடுத்துக்கறது?"

ஆர்விட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு லவோன் கத்தினாள்: "எங்க வயசுல அது எந்தத் தொகுதியிலயும் நடக்கறதில்ல தம்பி. அப்படியே எழுதிக்கோ!"

அப்படியேதான் எழுதிக்கொண்டார். ஒரு மனிதனின் பல்துலக்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவன் வசிக்கிறான் என்று தீர்ப்பு வந்தது. ஆர்விட் பல்துலக்கியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். உடனே இரண்டாவது திருத்தம் வந்தது: கொட்டகை அறுபத்து நான்கு, வீடு அறுபத்து மூன்று. அவர் பல்துலக்கியையும் கட்டிலையும் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்றாவது திருத்தத்தில் லாட்டிமருடைய பென்சிலுக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும். வீடு, கொட்டகை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பதினேழாம் தொகுதியில் போட்டுவிட்டார்கள்.

பதினேழு என்பது தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் புறநகர். அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும், தண்டவாளத்தின் அகலத்துக்கு, ரயில் பாதையோடு தொகுதி வந்தது. வழியில் மனுஷன் கிடையாது. ஆர்விட் வீட்டில் வந்து முடிந்தது. இதைப் பற்றிப் பத்திரிகையில் கேட்டதற்குக் குழுத் தலைவர், "ஸ்டோக்கா குடும்பத்துக்கும் புறநகர் மக்களுக்கும் பொதுவான நலன்கள் உண்டு. இரு சாராரும் ரயில் சத்தத்தைக் கேட்கிறார்கள்," என்றார். வேட்புமனு தள்ளுபடி. ப்ரூமை எதிர்த்து யாரும் இல்லை.

பதினேழின் உறுப்பினரிடம் பேச ஆர்விட் போன் செய்துகொண்டே இருந்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும், பிறகு வயலின் வாசிப்பார்கள். லவோன் அதை ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பாள். "இந்த மெம்பர் நம்ம மெம்பரவிட பரவால்ல. வாசிக்கவாவது செய்யறாரு," என்பாள்.

தேர்தல் வந்தது. அதற்குள் குளிர் இறங்கிவிட்டது. ஊர் மண்டபத்தில் நான் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் தொகுதிச் சீட்டு எங்கள் சாவடிக்கு இரண்டே இரண்டு வந்திருந்தது, புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. ரகசிய வாக்கெடுப்பு என்று உறையில் அச்சடித்திருந்தது.

எங்கள் சீட்டில் பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அச்சடித்த பெயர் பிடிக்காவிட்டால் பிடித்த பெயரை எழுதலாம். வழக்கமாகத் தங்கள் நாயின் பெயரை எழுதுவார்கள், மச்சானுக்குப் போட்டு அவனைக் கேலி செய்வார்கள். அன்று சாயங்காலம் எண்ணும்போது முதல் சீட்டில் "பாலம்" என்று இருந்தது. அடுத்ததிலும் பாலம். அதற்கடுத்ததிலும். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். பேசியிருந்தால் என் காப்பி மேடையில்தான் பேசியிருப்பார்கள். எங்கள் ஊரில் மட்டுமல்ல, தொகுதி முழுக்க அப்படித்தான் விழுந்திருந்தது. ப்ரூமை விடப் பாலத்துக்கு ஓட்டு அதிகம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு யார் ஜெயித்தார் என்று யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போல் இருந்தது.

வாக்குச் சரிபார்ப்புக் குழு கூடிற்று. பாலத்தை உறுப்பினராக ஏற்கலாமா என்று விவாதித்தார்கள். வேட்பாளர் தொகுதிக்குள் வசிக்க வேண்டும், பாலம் பாதிதான் வசிக்கிறது என்றார் ஒரு வழக்கறிஞர். பாதி வசிக்கும் உறுப்பினர்கள் சபையில் ஏற்கனவே இருக்கிறார்களே, கோடைக்கெல்லாம் ஃப்ளோரிடா போய்விடுகிறார்களே என்றார் இன்னொருவர். அவர்கள் பனிக்குப் பயந்து குளிர்காலத்தில்தான் போகிறார்கள், கோடைக்கு அல்ல என்று திருத்தி, அதைக் குறிப்பில் ஏற்றினார்கள். கடைசியில், மூடப்பட்ட நிலையில் இருக்கும் எதுவும் பதவி ஏற்க முடியாது என்று முடிவாயிற்று. பாலத்துக்கு விழுந்த ஓட்டெல்லாம் செல்லாது. மிச்சத்தில் ப்ரூம் நூற்றுக்கு நூறு. தொகுதி வரலாற்றில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது: போட்டியின்றி, மக்களின் ஒருமித்த ஆதரவோடு.

ப்ரூம் ஏற்புரை சொன்னார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

"பாலத்துக்கு ஓட்டுப் போட்டவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. அந்தப் பாலத்து மேல உங்களுக்கு எவ்வளவு பாசம்! ஒண்ணு கவனிச்சீங்களா? அது தொறந்திருந்தப்போ யாருமே அத நெனச்சுக்கூடப் பாக்கல. மூடினப்புறம்தான் இந்தப் பாசமே வந்துச்சு. அதத் தொறந்து உங்க பாசத்தக் கெடுக்க நான் யாரு?"

கைதட்டினோம்.

ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தது. ஒரு நாள் அணைக்கட்டு ரோட்டில் பனி வாரும் வண்டி வராமல் ஆர்விட்டும் லவோனும் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அடுத்த முறை போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் வரும்போது அவள் காரிலேயே வாந்தியெடுத்தபடி வந்தாள். அந்த வார இறுதியில் நான் நூடுல்ஸும் கோழியும் சமைத்து நிரப்பிய பாத்திரத்தோடு போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் ஆர்விட்," என்றாள். "எனக்கு வியாதி அலுக்கல. ரோடு அலுத்துப்போச்சு."

"நாளைக்கு வானம் வெளுக்கும்னு சொல்றாங்கடி. மெதுவா ஓட்டறேன்."

"உன்ன எனக்குத் தெரியும். நீ மெதுவாத்தான் ஓட்டுவ. போதும்பா. வீட்டுலயே இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அழுகைதான் வந்தது. பாத்திரத்தை அடுப்பில் வைக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வாரம்கூட இல்லை. அவள் பட்ட சிரமம் எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளைக் கொண்டுபோன கறுப்பு வண்டி எங்கள் வாசல் வழியாக வடக்கே ஏறி, அணைக்கட்டைக் கடந்து, தெற்கே இறங்கி அக்கரைக் கல்லறைக்குப் போயிற்று. நாங்கள் எல்லோரும் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனோம். ஆர்விட் வழியெல்லாம் வெளியே பார்த்தபடி இருந்தாராம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

பனி உருகியதும் ப்ரூம் நேராக ஆர்விட் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல சேதி என்றார். அவரும் டெனிஸ் ஹாக்கெட்டும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு கட்சியும் எதிலும் ஒத்துப்போனதில்லை, இதில் ஒரு ஓட்டுக்கூட எதிராக விழவில்லை, சபையே எழுந்து நின்றதாம். கூஸ்நெக் ஆற்றுப் பாலத்துக்கு இனி லவோன் ஸ்டோக்கா நினைவுப் பாலம் என்று பெயர்.

விழா மே மாதம். பாலம் மூடியிருப்பதால் இரண்டு கரையிலும் தனித்தனி மேடை. இக்கரையில் ப்ரூம், அக்கரையில் ஹாக்கெட், நடுவே ஒலிபெருக்கி. பள்ளிக்கூட வாத்தியக் குழுவைப் பாதி பாதியாகப் பிரித்திருந்தார்கள். எக்காளம் எங்களிடம், மத்தளம் அவர்களிடம். ப்ரூம் பேசினார்: "சகோதரி லவோன் இந்தப் பாலத்தக் கடக்க ஆசைப்பட்டாங்க. இன்னைக்கு அவங்களே பாலமா ஆயிட்டாங்க!" அக்கரையிலிருந்து ஹாக்கெட்: "என் தொகுதி சார்பா என் பாதிய அவங்களுக்குச் சமர்ப்பிக்கறேன்!" திரையை இழுத்தார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர். அதை நட்டிருந்தது கான்கிரீட் கட்டைகளுக்குப் பின்னால்.

ஆர்விட் தயங்கித் தயங்கி ப்ரூமிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரொம்பப் பெரிய மரியாத க்ளேட்டன். இனிமே... சரி பண்ணுவாங்களா?"

ப்ரூம் அவர் தோளில் கை போட்டார். "இனிமே அது வெறும் பாலம் இல்ல ஆர்விட். நினைவுச் சின்னம். அதுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் நினைவுச் சின்னங்கள் குழு அனுமதி குடுக்கணும். அந்தக் குழுவுக்கு இன்னும் ஆள் போடல. யாரும் அவ்வளவு சுலபமா அதுல கை வெச்சிட முடியாது. அவங்க பேருக்கு நாங்க குடுத்திருக்கற பாதுகாப்பு அது."

"லவோன் பேரச் சொல்லியா தொறக்காம வெப்பீங்க?"

"அவங்க பேருக்காகத்தான்ப்பா," என்றார் ப்ரூம், குரல் தழுதழுக்க.

ஆர்விட்டின் வாய் திறந்தது. இப்போது திட்டப்போகிறார், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ப்ரூமின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றி க்ளேட்டன்," என்றார். எக்காளம் ஊதினார்கள். அக்கரையில் மத்தளம் கொஞ்சம் பிந்தி அடித்தது.

விழா முடிந்து கல்லறைக்குப் பூ கொண்டுபோக வேண்டும் என்றார். அவர் ஓட்டும் நிலையில் இல்லாததால் நான் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வடக்கே ஏறி நெடுஞ்சாலையில் வெகுதூரம் போனோம். அவர் மடியில் பூ. அணைக்கட்டைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஃபெர்ன், நான் எதுக்கு நன்றி சொன்னேன்?"



"தெரியல ஆர்விட்," என்றேன். "நானும்தான் கை தட்டினேன்."